அழிந்த கோப்பும் தொலைவிலுள்ள சர்வரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தொலைவிலுள்ள கணினியை மறையாக்கப்பட்ட இணைப்பில் இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக இணைந்து பணியாற்றும் சர்வரில் கோப்புகளை அழித்துவிட்டவர்களிடமிருந்து வந்த கடிதங்களில், பிறருக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டுள்ளேன். கட்டளைகளின் முழு வரிகளையும் அச்சில் தந்தால், ஓர் எழுத்துப் பிழைகூட எஞ்சியிருக்கும் தரவையும் அழித்துவிடக்கூடும். ஆகவே கட்டளையின் பெயரையும் அது செய்யும் வேலையையும் மட்டும் சொல்கிறேன்; சரியான வடிவத்தை அந்தந்தக் கட்டளையின் கையேட்டுப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் சிறு நிறுவனத்தின் விலைப்பட்டியல்களும், அவற்றைத் தயாரிக்கும் நிரல்களும் வெளிநாட்டு டேட்டா சென்டர் ஒன்றில் வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வரில் உள்ளன. பழைய கோப்புகளை நீக்க முயன்றபோது, வேறொரு கோப்புறையில் இருப்பதைக் கவனிக்காமல், கோப்புகளை நீக்கும் ஆர்எம் கட்டளையைக் கொடுத்துவிட்டேன். எங்களிடம் உள்ள பேக்கப் இரண்டு மாதம் பழையது. சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் நான் என்ன செய்ய வேண்டும்?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: ஆர்எம் கட்டளை கோப்பின் உள்ளடக்கத்தைத் துடைப்பதில்லை. கோப்புறையில் உள்ள பெயரை நீக்குகிறது. அந்தக் கோப்பைக் குறிக்கும் வேறு பெயர் எதுவும் இல்லாமலும், எந்த நிரலும் அதைத் திறந்து வைத்திருக்காமலும் இருந்தால், கோப்பு இருந்த இடத்தைக் காலியிடம் என்று குறித்துக்கொள்கிறது. தரவு அங்கேயே கிடக்கிறது. அடுத்து எழுத வேண்டிய எதையும் சர்வர் அந்த இடத்தில் எழுதலாம் என்பதுதான் ஆபத்து. உங்கள் மேசையில் உள்ள கணினியாக இருந்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு நிதானமாக யோசிக்கலாம். தொலைவில் உள்ள சர்வரோ நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதும் பதிவேடுகளை எழுதுகிறது, மின்னஞ்சலைச் சேமிக்கிறது, தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது. நீங்கள் ஒவ்வொரு முறை எஸ்எஸ்எச் வழியாக நுழைவதையும்கூட ஒரு கோப்பில் குறித்து வைக்கிறது. எனவே ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாதீர்கள். மீட்பு நிரலை அதே டிஸ்க்கில் நிறுவாதீர்கள். பதற்றத்தில் சர்வரை மறுதொடக்கம் செய்யவும் வேண்டாம்.

அடுத்து, அழிந்த கோப்புகளில் எதையாவது ஏதேனும் ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளை, பெயர் நீக்கப்பட்டும் திறந்த நிலையில் உள்ள கோப்புகளைப் பட்டியலிடும். அப்படி ஒன்று இருந்தால், ப்ராக் என்ற கோப்புறைக்குள் அந்த நிரலின் எண்ணில் உள்ள எஃப்டி என்ற உட்கோப்புறையில் அது ஓர் எண்ணாகத் தெரியும். அதைச் சாதாரணக் கோப்பைப் போலவே நகலெடுக்கலாம். மீட்பு முறைகள் எல்லாவற்றிலும் இதுவே முழுமையானது, பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடுவது. மறுதொடக்கம் கூடாது என்று மேலே சொன்னதற்கு முக்கியக் காரணமும் இதுதான்: நிரல் நின்ற நொடியில் இந்த வழி அடைபட்டுவிடும். நகலைச் சர்வரின் டிஸ்க்கில் வைக்காமல், எஸ்எஸ்எச் வழியாக நேராக உங்கள் கணினிக்கு அனுப்புங்கள்.

விலைப்பட்டியல் பிடிஎஃப்களை எந்த நிரலும் திறந்து வைத்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே அவற்றுக்கு அடுத்த வழி வேண்டும். வலைத்தளம், தரவுத்தளம், மின்னஞ்சல் ஆகிய சேவைகளையும், குறிப்பிட்ட நேரத்தில் தானாக ஓடும் வேலைகளையும் நிறுத்துங்கள். எஃப்எஸ்டிரிம் என்ற வாராந்திர வேலையை மறக்காமல் நிறுத்துங்கள்; அது ஏன் என்று பின்னால் வரும் கேள்வி ஒன்றில் சொல்லியிருக்கிறேன். பின்னர் சேவை நிறுவனத்தின் நிர்வாகப் பக்கத்தில் டிஸ்க்கின் ஸ்நாப்ஷாட், அதாவது அந்த நொடியில் அது இருக்கும் நிலையின் நகல், எடுக்கும் வசதி இருந்தால், உடனே ஒன்று எடுங்கள். அழிந்த பிறகு எடுக்கும் ஸ்நாப்ஷாட்டால் என்ன பயன் என்று தோன்றும். டிஸ்க் அளவில் எடுக்கப்படும் ஸ்நாப்ஷாட், கோப்பு முறைமை (எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே என்று கணக்கு வைக்கும் அமைப்பு) காலியிடம் என்று குறித்துள்ள பகுதிகளையும் அப்படியே பிடித்து வைக்கும்; அதற்குப் பிறகு சர்வரில் என்ன எழுதப்பட்டாலும் அந்த நகல் மாறாது. அதை வேறொரு தற்காலிகச் சர்வருடன் இணைத்து, அங்கே அவசரமின்றி மீட்பு வேலையைச் செய்யலாம்.

அந்த வசதி இல்லையென்றால் ரெஸ்க்யூ மோடு இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த கோப்புகளை நகலெடுத்து முடித்த பிறகு, இதற்காக மறுதொடக்கம் செய்யலாம். அதில் சர்வர் தன் டிஸ்க்கைத் தொடாமல், நினைவகத்தில் ஏற்றப்பட்ட தனி இயங்குதளத்தில் எழும். உங்கள் டிஸ்க் எழுதப்படாத நிலையில் ஒரு சாதனமாகக் காட்சி தரும். அதை மவுண்ட் செய்யாமல், அதாவது கோப்புறைகளாகத் திறக்கும்படி இணைக்காமல், விடுங்கள். இரண்டுமே இல்லாத இடத்தில், கோப்பு முறைமையை வாசிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்ற முயலலாம். ஏதாவது ஒரு நிரல் எழுதிக்கொண்டிருந்தால் இந்த மாற்றம் மறுக்கப்படும். அப்போது இயங்குதளத்தின் மையமான கெர்னலின் சிஸ்ரிக்யூ வசதியில், எல்லாக் கோப்பு முறைமைகளையும் வாசிப்பு நிலைக்குத் தள்ளும் அவசரக் கட்டளை ஒன்று உண்டு. அது முரட்டு வழி. திறந்திருக்கும் எஸ்எஸ்எச் இணைப்பு வழக்கமாகத் தாக்குப்பிடிக்கும் என்றாலும், கடைசியாகவே கையில் எடுங்கள்.

இப்போது முழு டிஸ்க்கின் இமேஜை, அதாவது காலியிடம் உட்பட அதன் அச்சு நகலை, உங்கள் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். டிடி கட்டளை சாதனத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கும். அதன் வெளியீட்டை ஜிஜிப் வழியாகச் சுருக்கி, எஸ்எஸ்எச் குழாயில் அனுப்பி, உங்கள் கணினியில் ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். நேரத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள். 40 ஜிபி டிஸ்க், விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பு என்றால், சுருக்கம் இல்லாமல் கிட்டத்தட்ட 53 நிமிடம் ஆகும். இணைப்பு உண்மையில் 20 மெகாபிட்தான் கிடைக்கிறது என்றால் நாலரை மணி நேரம் ஆகும். அந்த நாலரை மணி நேரத்தில் இணைப்பு ஒருமுறை அறுந்தால் முதலிலிருந்து தொடங்க நேரும் என்பதால், சில ஜிபி அளவுள்ள துண்டுகளாகப் பிரித்து வாங்குங்கள். எங்கிருந்து தொடங்கி எவ்வளவு வாசிக்க வேண்டும் என்று டிடிக்குச் சொல்லும் வசதி உண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் இரு பக்கத்திலும் ஷா-256 என்ற சரிபார்ப்பு மதிப்பைக் கணக்கிட்டு ஒப்பிட்டால், வழியில் ஏதும் குறையவில்லை என்பது உறுதியாகும். அதே டேட்டா சென்டரில் சில நாட்களுக்கு இன்னொரு சர்வரை வாடகைக்கு எடுத்து இமேஜை அங்கே வாங்குவது பெரும்பாலும் வேகமானது, செலவும் அதிகமாகாது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். எஸ்எஸ்எச் குழாய்க்குள் செல்லும்போது மட்டும்தான் தரவு மறையாக்கம் பெற்றிருக்கும். வந்து சேர்ந்த இமேஜில் உங்கள் வாடிக்கையாளர்களின் விவரங்கள், கடவுச்சொல் கோப்புகள், சர்வரின் தனிப்பட்ட சாவிகள் எல்லாம் இருக்கும். மறையாக்கம் செய்யப்பட்ட டிஸ்க்கில் வைத்து, வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள்.

இமேஜ் கைக்கு வந்த பிறகு அதற்கும் ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் வேலை செய்யுங்கள். உங்கள் சர்வரில் இருப்பது அனேகமாக எக்ஸ்ட்4 கோப்பு முறைமை. பழைய எக்ஸ்ட்2 முறைமையில், அழிந்த கோப்பு டிஸ்க்கில் எங்கெங்கே இருந்தது என்ற குறிப்பு, ஐநோட் எனப்படும் கோப்பின் விவரப் பதிவில் எஞ்சியிருந்தது. டீபக்எஃப்எஸ் நிரலைக் கொண்டே மீட்டுவிட முடிந்தது. எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 ஆகியவை அழிக்கும்போது அந்தக் குறிப்பையும் துடைத்துவிடுகின்றன. ஆனால் ஐநோடின் முந்தைய வடிவம் ஜர்னல் என்னும் பதிவுப் பகுதியில் சில காலம் கிடக்கும். எக்ஸ்ட்அன்டிலீட், எக்ஸ்ட்4மேஜிக் ஆகிய நிரல்கள் அதைத்தான் தேடுகின்றன. அவை கண்டுபிடித்தால் கோப்பு பெயரோடும் கோப்புறையோடும் திரும்பி வரும். ஜர்னல் சிறியது, சுழற்சியில் மேலெழுதப்படுவது. பரபரப்பான சர்வரில் அது எத்தனை நிமிடத்துக்கு உங்கள் கோப்பின் நினைவை வைத்திருக்கும் என்பது அங்கே நடக்கும் எழுத்தைப் பொறுத்தது. சேவைகளை உடனே நிறுத்தச் சொன்னது இதற்காகவும்தான். இரண்டுமே நெடுங்காலமாகப் புதுப்பிக்கப்படாத நிரல்கள் என்பதால், புதிய கோப்பு முறைமைகளில் சில நேரம் திணறும்.

அதுவும் பயனளிக்காவிட்டால் எஞ்சுவது ஃபோட்டோரெக். பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய இந்த இலவச நிரல், கோப்பு முறைமையையே பொருட்படுத்தாமல் காலியிடத்தைத் துழாவி, ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் விதத்தை வைத்து அடையாளம் காணும். பெயரில் ஃபோட்டோ இருந்தாலும், பிடிஎஃப் உட்பட 480க்கும் மேற்பட்ட கோப்பு நீட்சிகளை அறியும். உங்கள் விலைப்பட்டியல்களுக்கு இதில் நல்ல வாய்ப்பு இருக்கிறது. பழைய பெயர்கள் திரும்ப வராது. எண்ணிட்ட பெயர்களில் குவியலாக வரும். விலைப்பட்டியல் எண் ஒவ்வொரு பிடிஎஃப்பின் உள்ளேயும் இருக்கும் என்பதால், உரையைப் பிரித்தெடுக்கும் ஒரு சிறு நிரலைக் கொண்டு அவற்றுக்குப் பெயர் சூட்டிக்கொள்ளலாம். நிரல் கோப்புகளுக்கு ஃபோட்டோரெக்கைவிட உரைத் தேடலே பொருந்தும். அதைப் பற்றி யாழ்ப்பாண வாசகருக்கான பதிலில் காண்க.

கேள்வி: ரெஸ்க்யூ மோடில் எழுந்த சர்வருடன் இணைய முயன்றால், எதிர்ப்புறக் கணினியின் அடையாளம் மாறிவிட்டது, யாரோ இடையில் ஒட்டுக்கேட்கக்கூடும் என்று எஸ்எஸ்எச் மிரட்டுகிறது. பழைய சாவியை நீக்கிவிட்டுத் தொடரலாமா?
– திருச்சி வாசகர்

பதில்: உங்கள் விஷயத்தில் எச்சரிக்கைக்கு எளிய காரணம் உண்டு. ரெஸ்க்யூ மோடில் எழுவது வேறொரு இயங்குதளம். அதற்குத் தனியான ஹோஸ்ட் சாவி, அதாவது சர்வரை அடையாளம் காட்டும் சாவி, இருக்கும். உங்கள் கணினியோ பழைய சாவியை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் காரணம் தெரிகிறது என்பதற்காக உடனே ஆம் என்று தட்டிவிடாதீர்கள். 1995இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாத்து யுலோனன் எஸ்எஸ்எச்சை எழுதியதே, அந்தப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்களை ஒருவர் ஒட்டுக்கேட்டுத் திருடியதற்குப் பிறகுதான். சேவை நிறுவனத்தின் நிர்வாகப் பக்கத்திலேயே ரெஸ்க்யூ மோடின் ஃபிங்கர்பிரிண்ட் (அதன் சாவியின் சுருக்க அடையாளம்) தரப்பட்டிருக்கும், அல்லது உலாவி வழியான கன்சோலில் அதைக் காட்டச் செய்யலாம். அது பொருந்தினால் தொடருங்கள். பழைய சாவியை நீக்க வேண்டியதும் இல்லை. ரெஸ்க்யூ சாவிக்கு மட்டும் தனியாக ஒரு தற்காலிகக் கோப்பைப் பயன்படுத்தும்படி எஸ்எஸ்எச்சிடம் சொல்லலாம். வேலை முடிந்து சர்வர் வழக்கமான நிலைக்குத் திரும்பியதும், பழைய சாவி மறுபடியும் பொருந்துகிறதா என்பதே உங்களுக்கு ஒரு சோதனையாக அமையும்.

கேள்வி: மைசீக்வல் தரவுத்தளத்தின் தரவுக் கோப்புறையை எங்கள் ஊழியர் அழித்துவிட்டார். வியப்பு என்னவென்றால், வலைத்தளம் இன்னும் வேலை செய்கிறது. மறுதொடக்கம் செய்து பார்க்கலாமா?
– சென்னை வாசகி

பதில்: வேண்டவே வேண்டாம். வலைத்தளம் வேலை செய்வதற்குக் காரணம், மைசீக்வல் நிரல் தன் தரவுக் கோப்புகளைத் திறந்து வைத்திருப்பதுதான். நிறுத்தினால் அவை அந்த நொடியே காலியிடமாகிவிடும். முதலில் வலைத்தளத்தை மட்டும் நிறுத்தி, தரவுத்தளத்துக்குப் புதிய எழுத்து எதுவும் வராமல் செய்யுங்கள். மைசீக்வல்டம்ப் கொண்டு தரவை உரையாக வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். அதன் வெளியீடு எஸ்எஸ்எச் வழியாக வேறொரு கணினிக்குப் போகட்டும். சில அட்டவணைகளுக்கு அது பிழை காட்டக்கூடும். அப்போது மேலே சொன்ன ப்ராக் வழியில், நிரல் திறந்து வைத்துள்ள ஒவ்வொரு தரவுக் கோப்பையும் நகலெடுங்கள். மைசீக்வலின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியின் பொதுக் கோப்பையும், மாற்றங்களைக் குறித்து வைக்கும் மறுசெய்கைப் பதிவுகளையும் விட்டுவிடக் கூடாது. அட்டவணைகளை மூடித் திறக்கும் கட்டளை எதையும் இடையில் கொடுக்காதீர்கள். நினைவகத்தில் தேங்கியுள்ள மாற்றங்கள் டிஸ்க்குக்குப் போய்ச் சேரச் சற்றுக் காத்திருந்து, இரண்டாவது முறையும் ஒரு நகல் எடுப்பது நல்லது. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோருக்கு இந்த அதிர்ஷ்டம் குறைவு. அது கோப்புகளைத் தேவைப்படும்போது மட்டுமே திறக்கும்.

உங்கள் ஊழியரை அதிகம் கடிந்துகொள்ள வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்கிறேன். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில், இரண்டாம் நிலை சர்வரில் தரவுக் கோப்புறையை நீக்குவதாக எண்ணிய பொறியாளர் ஒருவர், முதன்மை சர்வரில் அதே கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தியும், ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியது. அந்த நிறுவனத்தில் பல வகைப் பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய நகல், பதிப்புப் பொருந்தாமையால் தோல்வியடைந்து வந்திருந்தது; அதை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களோ ஏற்கப்படாமல் திருப்பப்பட்டிருந்தன. சோதனைச் சூழலுக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுக்கப்பட்டிருந்த டிஸ்க் ஸ்நாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை. நிறுவனம் நடந்ததை மறைக்காமல் முழுமையாக வெளியிட்டது. ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு டெர்மினல் சாளரங்கள் எத்தகைய அபாயம் என்பதற்கு அந்த அறிக்கையைவிடச் சிறந்த பாடம் நான் கண்டதில்லை. முதன்மை சர்வரின் கட்டளை வரி சிவப்பு நிறத்தில் தெரியும்படி உங்கள் அலுவலகத்தில் இன்றே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சிற்றிதழின் பத்தாண்டுக் கட்டுரைகள் தொலைவிலுள்ள லினக்ஸ் சர்வரில் இருந்தன. கோப்புறை அழிந்துவிட்டது. டிஸ்க் இமேஜ் எடுத்துவிட்டோம். அதில் தமிழ்ச் சொற்களைக் கொண்டு தேடிப் பிடிக்க முடியுமா? சில கோப்புகள் கிடைக்கின்றன, பல அகப்படவில்லை.
– யாழ்ப்பாண வாசகர்

பதில்: முடியும். ஆனால் எந்தக் கோப்பு அகப்படும், எது அகப்படாது என்பது கட்டுரை எந்த வடிவத்தில் சேமிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. கிரெப் கட்டளைக்கு இமேஜ் முழுவதையும் உரையாகக் கருதும்படி சொல்லி, கட்டுரையில் நிச்சயமாக வரும் ஒரு தொடரைக் கொடுத்தால், அது இருக்கும் பைட் இடத்தைக் காட்டும். அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் சில நூறு கிலோபைட்டை டிடி கொண்டு வெட்டியெடுக்கலாம். எளிய உரைக் கோப்புகளுக்கும் வலைப்பக்கக் கோப்புகளுக்கும் இது மிக நன்றாக வேலை செய்யும்.

உங்களுக்கு அகப்படாதவற்றில் முதல் வகை, டாக்எக்ஸ் கோப்புகளாக இருக்கலாம். டாக்எக்ஸ் உண்மையில் ஜிப் முறையில் சுருக்கப்பட்ட ஒரு பொதி. உள்ளே உள்ள தமிழ் எழுத்து டிஸ்க்கில் தமிழ் எழுத்தாகவே இல்லை. பெரும்பாலான பிடிஎஃப்களும் அப்படித்தான். அவற்றுக்கு ஃபோட்டோரெக்கை ஓட்டி, மீண்டு வந்த கோப்புகளைத் திறந்த பிறகே உள்ளே தேட வேண்டும். இரண்டாம் வகை, பழைய டாக் கோப்புகள். அவற்றில் தமிழ் உரை யுடிஎஃப்-16 முறையில் எழுத்துக்கு இரண்டு பைட்டாக இருக்கும். நீங்கள் டெர்மினலில் தட்டச்சிடும் சொல் யுடிஎஃப்-8 முறையில் எழுத்துக்கு மூன்று பைட்டாகப் போகிறது. இரண்டும் ஒருபோதும் பொருந்தாது. குறியேற்றத்தை மாற்றும் ஐகான்வ் நிரலால் தேடுசொல்லை மாற்றி, அந்தப் பைட் வரிசையைத் தேட வேண்டும்.

பத்தாண்டுத் தொகுப்பு என்கிறீர்கள்; முற்பகுதி பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கக்கூடும். பாமினியில் திரையில் தெரிவது மட்டுமே தமிழ்; கோப்பில் உள்ளவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும். தேடுசொல்லையும் பாமினி விசைப்பலகை முறையில் அதே ஆங்கில எழுத்துகளாகத் தட்டச்சிட்டுத் தேடுங்கள். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் உள்ளவற்றுக்கும் அதன் பைட் வரிசையே வேண்டும்.

யுனிகோடிலேயே ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. கொ, கோ, கௌ போன்றவற்றின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு அல்லது இரட்டைக்கொம்போடு இன்னொரு குறியைச் சேர்த்து இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, பைட்டில் வேறு. ஆகவே தேடுவதற்கு இந்த உயிர்க்குறிகள் வராத சொற்களைத் தேர்ந்தெடுங்கள். எல்லாக் கட்டுரைகளிலும் மாறாமல் வரக்கூடிய உங்கள் இதழின் முகவரி வரியோ, கட்டுரை முடிவில் வழக்கமாக இடும் குறிப்போ நல்ல தூண்டில்.

வெட்டியெடுத்த பகுதி நடுவில் முறிந்து வேறொரு கோப்பின் உள்ளடக்கம் தொடங்கினால் மனம் தளராதீர்கள். கோப்பு டிஸ்க்கில் தொடர்ச்சியாக இல்லாமல் சிதறி இருந்திருக்கிறது என்று பொருள். கட்டுரையின் பிற்பகுதியிலிருந்து இன்னொரு தொடரைத் தேடினால் மீதி வேறோர் இடத்தில் கிடைக்கக்கூடும்.

கேள்வி: அலுவலக விண்டோஸ் சர்வருக்கு ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வீட்டிலிருந்து இணைகிறேன். முக்கியமான எக்ஸல் கோப்பு காணவில்லை. ரீசைக்கிள் பின்னும் காலியாக இருக்கிறது.
– மதுரை வாசகி

பதில்: கோப்பு எந்த வழியில் அழிந்தது என்பதை முதலில் கண்டறியுங்கள். வலையமைப்பில் பகிரப்பட்ட கோப்புறையை இன்னொரு கணினியிலிருந்து திறந்து யாரேனும் அழித்திருந்தால், அது எந்த ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. ரிமோட் டெஸ்க்டாப்பில் சர்வருக்குள்ளேயே அழித்திருந்தால் போயிருக்கும். ஆனால் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி ரீசைக்கிள் பின் உண்டு. உங்கள் கணக்கில் காலியாகத் தெரிவது, அழித்தவரின் கணக்கில் நிரம்பியிருக்கலாம். அவரை நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இல்லையென்றால் சர்வரில் அந்தக் கோப்புறையின் பண்புகளில் முந்தைய பதிப்புகள் என்ற பகுதியைத் திறங்கள். நிர்வாகி ஷேடோ காப்பி வசதியை இயக்கி வைத்திருந்தால், கோப்புறையின் முந்தைய நாட்களின் தோற்றம் அங்கே இருக்கும். அதுவும் இல்லாவிட்டால்தான் மீட்பு நிரல். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமையில் அழிந்த கோப்பின் பெயரும் இருப்பிடமும் அடங்கிய பதிவு, வேறு கோப்பு அந்த வரிசையைப் பிடிக்கும்வரை அப்படியே இருக்கும் என்பதால், டிஸ்க் எஸ்எஸ்டியாக இல்லாவிட்டால் லினக்ஸ் வாசகர்களைவிட உங்களுக்கு நம்பிக்கை அதிகம். மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட இலவச விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி, விண்டோஸ் 10இன் 2004 பதிப்பு முதல் இயங்கும். மீட்ட கோப்பை வேறொரு டிரைவில் எழுதும்படி அதுவே வற்புறுத்தும். சர்வர் பதிப்பு விண்டோஸில் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு நிரலைப் பயன்படுத்துங்கள்.

இதுவரை நுழைந்திராத புதிய கணக்கில் சர்வருக்குள் நுழையாதீர்கள். முதல் நுழைவிலேயே விண்டோஸ் அந்தப் பயனருக்கான கோப்புறைகளை உருவாக்கி டிஸ்க்கில் எழுதத் தொடங்கிவிடும். சர்வருக்குள் உலாவியைத் திறந்து மீட்பு நிரலைத் தேடுவதும் அதே தவறு. இன்னொன்று, வீட்டிலிருந்து நேராக ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டுக்கு இணைகிறீர்கள் என்றால், அதை விபிஎன் அல்லது எஸ்எஸ்எச் சுரங்கத்துக்குப் பின்னால் வைக்கும்படி நிர்வாகியிடம் கேளுங்கள். இணையத்தில் திறந்து கிடக்கும் அந்தப் போர்ட்தான் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் முதலில் தட்டிப் பார்க்கும் கதவு.

கேள்வி: எஸ்எஸ்டியிலிருந்து அழிந்த கோப்பை மீட்கவே முடியாது என்கிறார் ஒருவர், நூறு சதவீதம் முடியும் என்கிறது ஒரு விளம்பரம்.
– சேலம் வாசகர்

பதில்: முதலாமவர் உண்மைக்கு அருகில் இருக்கிறார். காலியான இடங்கள் எவை என்பதை இயங்குதளம் எஸ்எஸ்டிக்கு டிரிம் கட்டளை மூலம் அறிவிக்கிறது. அறிவித்த பிறகு அந்த இடத்தை வாசித்தால், பல எஸ்எஸ்டிகள் வெறும் சுழியங்களையே தரும். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் எஃப்எஸ்டிரிம் வாரம் ஒருமுறை இதைச் செய்கிறது. டிஸ்கார்டு என்ற தேர்வோடு மவுண்ட் செய்திருந்தால் அழிக்கும்போதே அறிவிப்பும் போய்விடும். விண்டோஸும் அழித்த உடனே அறிவிக்கும் இயல்புடையது. வாராந்திர டிரிம் ஓடுவதற்குள் நீங்கள் முந்திக்கொண்டால் வாய்ப்பு உண்டு. வாடகை சர்வர்களில் இன்னொரு வரம்பும் இருக்கிறது: உங்களுடையது மெய்நிகர் டிஸ்க், அதன் அடியில் உள்ள உண்மையான சாதனத்தில் பலருடைய தரவு கலந்திருப்பதால், அதைக் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்ல உங்களால் முடியாது. டிஸ்க்கின் நிலையைப் பார்ப்பதற்கு முன்பே நூறு சதவீதம் என்று உறுதி சொல்பவரிடம் நான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: அழிந்த புகைப்படங்களை மீட்டுத் தருவதாகச் சொல்லும் ஒருவர், தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் செயலியை என் கணினியில் நிறுவி, அது காட்டும் எண்ணைச் சொல்லச் சொல்கிறார். பாதுகாப்பான இணைப்பு என்கிறார்.
– நாகர்கோவில் வாசகர்

பதில்: இணைப்பு பாதுகாப்பானதாகவே இருக்கலாம்; மறுமுனையில் இருப்பவர் யார் என்பதை அது சொல்லாது. எனிடெஸ்க் போன்ற செயலிகளைக் கொண்டு வங்கிப் பணத்தைச் சுருட்டும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது. நீங்களாகத் தேடிச் செல்லாமல் உங்களைத் தேடி வந்தவருக்கு அந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இணையத்தைத் துண்டித்து, வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: சர்வரிலிருந்து வீட்டுக் கணினிக்கு, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் மூலம் எஸ்எஸ்எச் வழியாக நாள்தோறும் நகல் எடுக்கிறேன். சர்வரில் தவறுதலாக அழிந்த கோப்புறை, மறுநாள் பார்த்தால் வீட்டு நகலிலும் இல்லை. ஏன்?
– சிங்கப்பூர் வாசகர்

பதில்: இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற டெலீட் தேர்வோடு ஆர்சிங்கை இயக்கியிருக்கிறீர்கள். அது சொன்னபடியே சர்வரில் இல்லாததை வீட்டிலும் நீக்கிவிட்டது. நகல் உங்கள் வீட்டுக் கணினியில் இருந்ததால், இப்போது மீட்பு வேலையை அங்கேயும் செய்யலாம் என்பது உங்களுக்குச் சாதகம். அந்தக் கணினியில் எழுதுவதை உடனே நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி இன்னொன்றில் இணைத்துத் தேடுங்கள்.

இனிமேல் லிங்க்-டெஸ்ட் என்ற தேர்வைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கோப்புறை உருவாகும். மாறாத கோப்புகள் முந்தைய நாளின் கோப்புக்கே இன்னொரு பெயராக அமைவதால் கூடுதல் இடம் பிடிக்காது. சர்வரில் ஒன்று அழிந்தால் அதற்குப் பிறகான கோப்புறைகளில் மட்டும்தான் அது இருக்காது. போர்க், ரெஸ்டிக் ஆகிய நிரல்கள் இதையே மறையாக்கத்தோடும், மீண்டும் மீண்டும் வரும் பகுதிகளை ஒருமுறை மட்டும் சேமித்தும் செய்கின்றன. எந்த முறையானாலும், சர்வர் உங்கள் வீட்டுக்குள் நுழைந்து எழுதுவதைவிட, வீட்டுக் கணினி சர்வருக்குள் நுழைந்து எடுத்துக்கொள்வதாக அமைத்திருப்பது சரியானது. சர்வர் பிறர் கைக்குப் போனாலும் பழைய நகல்களைத் தொட முடியாது. அதற்கென ஒரு தனி எஸ்எஸ்எச் சாவியை உருவாக்கி, நுழைய அனுமதி பெற்ற சாவிகள் உள்ள, சர்வரின் ஆதரைஸ்டு கீஸ் கோப்பில் அந்தச் சாவிக்கு வாசிப்பு நிலையில் ஆர்சிங்க் ஓட்டும் அனுமதியை மட்டும் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பழைய நாளின் கோப்புறையிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.